பெத்தணனைத் தொட்டுச் சோதிக்கக் கோருதல்

அனுப்புநர்:
முருகம்மாள் (வயது 63),
க/பெ. சங்கிலிமுத்து (காலமானவர்),
காலனித் தெரு, கீழநடுவக்குளம்,
சிவகாசி வட்டம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விருதுநகர்.

பொருள்: ஒரே டாக்டர் ஒரே வாரத்தில் முதலாளிமார் சமூக மண்டபத்து ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்ச் சோதனை செய்துவிட்டு, எங்கள் காலனி ஆண்களுக்குச் செய்யாமல் போனது பற்றியும், அதனால் என் கணவரின் நோய் காலம் கடந்து தெரிந்தது பற்றியும், என் கொழுந்தன் பெத்தணனை உடனே சோதிக்க உத்தரவு வேண்டியும்.

பார்வை: சென்ற ஆவணியில் வேறோர் அலுவலகத்தில் நான் கொடுத்த மனுவும் அதற்கு வந்த பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

கீழநடுவக்குளம் காலனியிலிருந்து முருகம்மாள் வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது.

1. இந்த மனுவை நானே என் கையால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தித் தீப்பெட்டி ஒட்ட உட்கார வைத்தார்கள். பிற்பாடு அறிவொளி வகுப்புக்குப் போய், விட்ட எழுத்தை மறுபடி பிடித்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். சென்ற முறை மனு எழுதித் தருகிறவரிடம் சொல்லி எழுதி வாங்கினேன். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "பட்டாசுத் தொழிலாளி இறப்பு தொடர்பாக" என்று தலைப்புப் போட்டார். மனு பட்டாசு விபத்தைப் பார்க்கிற பிரிவுக்குப் போய்விட்டது. புரட்டாசியில் பதில் வந்தது. மேற்படி தொழிற்சாலையில் குறிப்பிட்ட காலத்தில் வெடி விபத்து எதுவும் நிகழவில்லை என்று விசாரணையில் தெரியவருவதால் மனு முடித்துவைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. விபத்து நடந்ததாக நான் எங்கேயும் சொல்லவில்லை ஐயா. என் கணவர் வெடித்துச் சாகவில்லை. ஆகையால் இந்த முறை தலைப்பில் அந்த வார்த்தையை எழுதவில்லை. உள்ளே எழுதாமல் இருக்க முடியாது. அதைக் கண்டவுடன் காகிதத்தை அந்தப் பிரிவுக்குத் தள்ளிவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. பெத்தணன் என் கணவரின் உடன்பிறந்த தம்பி. வயது ஐம்பத்தெட்டு. மனைவி இறந்துபோனாள். பிள்ளைகள் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். என் கையில்தான் சாப்பிடுகிறார். அண்ணனுக்கு எப்படித் தொடங்கியதோ அப்படியே இவருக்கும் இப்போது தொடங்கியிருக்கிறது. மூத்திரம் முடுக்குகிறது; போய் நின்றால் வருவதில்லை. ஆடியிலிருந்து இடுப்பையும் பிடித்துக்கொண்டு நடக்கிறார். தீபாவளி முடிந்து, இவர் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனி மூடியிருக்கிறது. பூஜை போட்டுத் திறந்துவிட்டால் காலையில் வேன் வந்து நிற்கும், இவர் ஏறிவிடுவார். அதற்கு முன் ஒரு டாக்டர் இவரைக் கை வைத்துச் சோதித்து, பி.எஸ்.ஏ. என்கிற ரத்தச் சோதனையும் எடுக்க வேண்டும். நான் கேட்டு வந்தது இது ஒன்றுதான். இதைக் கேட்க ஏன் ஆட்சியர் வரைக்கும் வரவேண்டியிருக்கிறது என்று தாங்கள் நினைக்கலாம். அதற்காகத்தான் மீதியை எழுதுகிறேன்.

3. என் கணவர் சங்கிலிமுத்து, முதலாளி ஜெயச்சந்திரன் அவர்களின் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை பார்த்தார். எங்கள் மாமனார் காலத்தில் எல்லோரும் கரிசல் காட்டில் கூலிக்குப் போனவர்கள். மழை பொய்த்துப் பொய்த்துக் கடைசியில் ஊரே கம்பெனி வேனில் ஏறியது. மருந்து அறைக்கு ஒரு சட்டம் உண்டு. ஈரக் கையோடு உள்ளே வரக் கூடாது. அலுமினியப் பவுடரில் ஈரம் பட்டால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதனால் கலக்குகிறவர்கள் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மூத்திரம் வந்தாலும் கையிலிருக்கும் கலவை முடிகிற வரைக்கும் அடக்கிக்கொள்வார்கள். வெளியே போனால் கை கழுவி, துடைத்து, வெயிலில் உலர்த்தி வரவேண்டும். அதற்குள் வேலை நின்றுவிடும். இதனால் எங்கள் காலனியில் ஆண்களுக்கு நீர் இறங்காமல் கடுத்தால் அதை ஒருவரும் நோய் என்று நினைப்பதில்லை. மருந்துச் சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்போம், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து விடுவோம். என் கணவருக்கும் அப்படித்தான் செய்தேன். அவர் அடிக்கடி வெளியே ஓடுவதைப் பார்த்து போர்மேன் ஊர்க்காவலன், பெண்கள் திரி வைத்துக்கொண்டிருந்த இடத்தில் நின்று, "என்னலே சங்கிலி, பைப்பு லீக்காகுதா? வாசர் மாத்தணுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். இந்த மனுவுக்கு அது தேவையில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

4. இரண்டாயிரத்து ஆறாம் வருடம் பங்குனிப் பொங்கல் முடிந்த வாரத்தில் சிவகாசியில் முதலாளிமார்களின் சமூக மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. முதலாளியின் தங்கை மகன் டாக்டர் ஹரிபிரசாத் மதுரையிலிருந்து வந்திருந்தார். வந்தவர்களுக்குச் சாப்பாடு உண்டு என்பதால் பாத்திரம் கழுவவும் மண்டபம் கூட்டவும் காலனியிலிருந்து எங்களைக் கூட்டிப்போனார்கள். ஆகவே நான் கேள்விப்பட்டதை எழுதவில்லை, பார்த்ததை எழுதுகிறேன். ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் எல்லோருக்கும் முதலில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக மாப்பிள்ளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே போய் வந்தவர்கள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். வெளியே நின்ற ஒருவர், "என்ன அண்ணாச்சி, முடிஞ்சதா?" என்று கேட்க, வந்தவர், "முடிஞ்சது, முடிஞ்சது. கல்யாணத்தன்னைக்குக்கூட இந்த ரூம்ல இம்புட்டுக் கூச்சப்படலைய்யா. போங்க, நீங்களும் போய்ப் பட்டுட்டு வாங்க" என்றார். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. சாயங்காலம் அந்த அறையைக் கூட்டியவள் நான். ஒரு கூடை நிறைய ரப்பர் கையுறை கிடந்தது.

5. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே டாக்டரும், மண்டபத்தில் அவரோடு இருந்த கம்பவுண்டர் சண்முகவேலும் எங்கள் காலனிக்கு வந்தார்கள். பட்டாசுத் தொழிலாளர்களுக்கான முகாம் என்று தட்டி கட்டியிருந்தது. பால்வாடிக் கட்டடத்தில் நடந்தது. மறைப்பு இல்லை, துணி இல்லை. ஆண் பெண் எல்லோரும் ஒரே வரிசை. நெஞ்சு, கண், தோல் மூன்றும் பார்ப்போம் என்று சொன்னார்கள். நான் அதற்கு முதல் நாளே என் கணவரைச் சீயக்காய் போட்டு மூன்று தண்ணீர் விட்டுத் தேய்த்திருந்தேன். அப்படியும் நகக்கண்ணிலும் காது மடலிலும் அலுமினியம் மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. அது போகாது. அவர் முறை வந்தபோது நான் பின்னால் நின்றேன். டாக்டர் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்ன தாத்தா செய்யுது?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், அதைக் குறை சொல்ல மாட்டேன். என் கணவர் பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுக்குச் சரியா வரல சார். முக்கினாத்தான் சொட்டுச் சொட்டா வருது" என்றார். டாக்டர், "கம்பெனியில என்ன வேலை?" என்று கேட்டார். "மருந்து கலக்குறேன் சார்." "அப்ப சூடுதான். தண்ணி நிறையக் குடிங்க." அவ்வளவுதான். கம்பவுண்டர் மாத்திரைகளை எடுத்து, கையில் கொடுக்காமல், மேசை ஓரத்தில் வைத்துத் தள்ளிவிட்டார். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நாடிகூடப் பிடிக்கவில்லை. அன்று பால்வாடியைக் கூட்டியதும் நான்தான். டீ குடித்த கப்பு இருந்தது, பஞ்சு இருந்தது, மாத்திரை உறை இருந்தது. கையுறை ஒன்றுகூட இல்லை.

6. சாதி பார்த்துத்தான் தொடவில்லை என்று எழுத என்னிடம் சாட்சி இல்லை. பவுடர் கையில் ஒட்டும் என்று தொடாமல் இருந்திருக்கலாம். பட்டாசு வேலைக்காரனுக்கு நெஞ்சில்தான் நோய் வரும் என்று நினைத்திருக்கலாம். மூன்றில் எது என்று அவருக்குத்தான் தெரியும். மூன்றில் எதுவாக இருந்தாலும் எங்கள் ஆண்களுக்குக் கிடைத்தது ஒன்றுதான் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். அன்றைக்கு வரிசையில் ஐம்பது தாண்டிய எங்கள் ஆண்கள் நிறையப் பேர் நின்றார்கள். பெத்தணனும் நின்றார்.

7. மண்டபத்து முகாமில் முதலாளி ஜெயச்சந்திரன் அவர்களுக்கே புராஸ்டேட் சுரப்பியில் கட்டி இருப்பது தெரிந்து, சித்திரையில் மதுரையில் ஆபரேஷன் நடந்தது. இது எங்களுக்கு உடனே தெரியாது. முதலாளிக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னார்கள். கம்பெனிப் பெண்கள் எல்லோரும் அவருக்காக இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டோம். முதலாளி விழுந்தால் கம்பெனி விழும், கம்பெனி விழுந்தால் எங்கள் அடுப்பு அணையும் என்று பயந்தோம். அவர் தேறி வந்ததும் ஆடி வெள்ளியில் கம்பெனி வேனிலேயே எங்களை இருக்கன்குடிக்கு ஏற்றிப்போனார்கள். முதலாளிக்காக நான் மாவிளக்கு எடுத்தேன். முதலாளியின் மனைவி பாலம்மாள் அவர்களும் வந்திருந்தார்கள். ஆற்றங்கரையில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மனசு இளகி, எங்களிடம் சொன்னார்கள்: "ராத்திரி ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் போவாக. போனா நின்னுக்கிட்டே இருப்பாக. வயசாயிருச்சுன்னு நானும் விட்டுட்டேன். ஹரித் தம்பிதான் மண்டபத்துல கையை விட்டுப் பாத்து, கல்லு மாதிரி தட்டுப்படுது மாமான்னு அன்னைக்கே மதுரைக்குக் கூட்டிப் போயிட்டான். இன்னும் ஒரு வருசம் போயிருந்தா எலும்புக்குள்ள எறங்கியிருக்குமாம். ஆத்தாதான் காப்பாத்துனா." அவர்கள் சொன்னது முதலாளியைப் பற்றி ஐயா. என் காதில் விழுந்தது என் வீட்டுக்காரரைப் பற்றி. "அம்மா, எங்க வீட்டுலயும் இதே மாதிரிதான் இருக்காக. அந்தத் தம்பிதான எங்க காலனிக்கும் வந்தாக? சூடுன்னு சொல்லிட்டுப் போயிட்டாகளே" என்று கேட்டேன். அதற்கு அவர்கள், "உங்க ஆளுகளுக்கு அது மருந்துச் சூடு முருகம்மா. இது வேற" என்று சொல்லிவிட்டு, பொங்கலைக் கிண்டச் சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அதனால்தான் எனக்கு மறக்கவே முடியவில்லை. முதலாளியும் என் கணவரும் ஒரே வயதுக்காரர்கள்.

8. மறுநாளே என் கணவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. அங்கே இப்போது வேறு ஆட்கள் இருக்கலாம். சீட்டுப் பதிகிற இடத்தில் தொழில் என்ன என்று கேட்டார்கள், சொன்னோம். சீட்டைப் பார்த்த டாக்டர் நெஞ்சுப் படம் எடுக்க அனுப்பினார். படம் வந்ததும், "நெஞ்சு சுத்தமா இருக்கும்மா, பயப்படாதீங்க" என்றார். நெஞ்சு சுத்தம்தான். நோய் அங்கே இல்லை. இன்னொரு தடவை போனோம். மறுபடி நெஞ்சைத்தான் எடுத்தார்கள். மூன்றாவது முறை, இவருக்கு இடுப்புக்குக் கீழேதான் கோளாறு, நீர்த்தாரை பக்கம் பாருங்கள் என்று நான் சத்தமாகவே சொன்னேன். மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஒருவர், "பாட்டி, டாக்டருக்குத் தெரியாதா? நீங்களே வைத்தியம் சொல்றீகளா?" என்றார். என் கணவர் வெட்கப்பட்டுக்கொண்டு என் சேலையைப் பிடித்து இழுத்து வெளியே வந்துவிட்டார். அதற்குள் தீபாவளி சீசன் வந்தது. ஆர்டர் குவிந்தது. சீசனில் மருந்து அறையில் ஆள் நின்றால் அறுபது பேருக்கு வேலை நிற்கும். அவர் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேனில் ஏறினார். இடுப்பு வலி தரையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதால் என்றார்கள். தைல டப்பா காலியானதுதான் மிச்சம்.

9. அடுத்த தை மாதம் ஒரு காலையில் எழுந்து நிற்கப் போனவர் அப்படியே மடங்கி உட்கார்ந்தார். கால் தன்னுடையதாகவே இல்லை என்றார். மகன் செல்வக்குமார் காரில் தூக்கிப் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனான். அங்கே ஓர் இளவயது டாக்டர் திரையை இழுத்துவிட்டு, கையுறை போட்டு, பின்பக்கமாக விரல் விட்டுச் சோதித்தார். வெளியே வந்து என்னிடம், "ரொம்ப நாளா இருக்கே அம்மா. இதுக்கு முன்னாடி யாரும் கை வச்சுப் பாக்கலையா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் திரைக்கு உள்ளேயிருந்து, "எங்களை யாரு சார் தொட்டுப் பாப்பாக?" என்று சொல்லிச் சிரித்தார். வேடிக்கை பேசுகிற மனிதர். அந்த டாக்டர் சிரிக்கவில்லை. நோய் முதுகெலும்பில் இறங்கிவிட்டது என்று படம் பார்த்துச் சொன்னார்கள். விதை இரண்டையும் எடுத்துவிட்டால் நோயின் வேகம் கொஞ்ச காலத்துக்குத் தணியும், குணமாகாது என்றார்கள். அவர் அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மறுநாள், "பேரன் பேத்தி எடுத்தாச்சு. எடுத்துக்கிடட்டும் போ" என்றார். எடுத்தார்கள். அதன் பிறகு அவர் தெருவுக்கு வரவில்லை. கால் வராததால் மட்டும் இல்லை. தெருவில் என்ன பேசினார்கள் என்பது உள்ளே அவர் காதில் விழுந்தது. எலும்பு வலிக்குக் கொடுத்த மாத்திரை போகப் போகக் கேட்கவில்லை. ராத்திரி கத்தக் கூடாது என்று துண்டைக் கடித்துக்கொள்வார். இந்த வருடம் ஆடியில் இறந்தார். முதலாளி மரியாதைக்கு வந்தார். கார் தெருமுனையில் நின்றது. மாலையைப் போர்மேன் ஊர்க்காவலன் கையில் கொடுத்து அனுப்பினார். முதலாளி நன்றாக இருக்கட்டும். அவருக்காக நான் எடுத்த மாவிளக்கை நான் திரும்பக் கேட்கவில்லை.

10. எங்கள் பக்கம் இருக்கும் குறையையும் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் கிளறிக் கேட்க வேண்டாம். எங்கள் ஆண்கள் கூச்சப்படுகிறவர்கள். பால்வாடியில் திரை கட்டி, உள்ளே வாங்க, சோதிக்க வேண்டும் என்று டாக்டர் கூப்பிட்டிருந்தாலும் என் கணவர் மறுத்திருக்கக்கூடும். மறுத்திருந்தால் அந்தக் குறை எங்களுடையது. நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். மண்டபத்து ஆண்களும்தான் கூச்சப்பட்டார்கள். அவர்களைக் கேலி பேசி, தைரியம் சொல்லி, கதவைச் சாத்தி உள்ளே அனுப்ப ஆள் இருந்தது. எங்களவர்களை யாரும் கேட்கவே இல்லை. இந்த நோய் பட்டாசினால் வந்தது என்றும் நான் சொல்லவில்லை. முதலாளி ஒரு நாளும் மருந்தைக் கையால் தொட்டவர் இல்லை, அவருக்கும் வந்தது. நோய் இரண்டு தெருவுக்கும் ஒன்றாகத்தான் வந்திருக்கிறது. கண்டுபிடித்ததுதான் இரண்டு விதம்.

11. இப்போது பெத்தணன் விஷயம். ஐப்பசியில் அவரை அதே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இந்தத் தடவை டாக்டர் புதியவர். நான் முன்கூட்டியே, இவர் அண்ணன் புராஸ்டேட் புற்றுநோயில் இறந்தார், இவருக்கும் அதே குறி இருக்கிறது, ரத்தம் எடுங்கள் என்று மனப்பாடம் பண்ணிப் போய்ச் சொன்னேன். அந்த ரத்தச் சோதனை இங்கே இல்லை, வெளியிலிருந்து எழுதி வாங்கவேண்டும், அதற்கு மேலிடத்தில் கேட்கவேண்டும் என்றார்கள். கை வைத்துப் பாருங்கள் என்றேன். கையுறை ஸ்டாக் இல்லை என்றார்கள். பிறகு, "பட்டாசு வேலைதானே, முதல்ல நெஞ்சுப் படம் எடுத்துட்டு வரட்டும்" என்றார்கள். சொன்னபடி படம் எடுத்து வாங்கினோம். பெத்தணனுக்கோ சந்தோஷம். "பாத்தீகளா மயினி, நெஞ்சுதானாம். நீங்க சும்மா பயங்காட்டுறீக" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸில் ஏறினார்.

12. அதன் பிறகு அவரோடு நான் மல்லுக்கட்டாத நாள் இல்லை. "அண்ணனுக்கு வந்தா எனக்கும் வரணும்னு நேர்ந்துக்கிட்டீகளா மயினி?" என்று கேட்டார். "கண்டுபிடிச்சா அறுக்கச் சொல்லுவாக. அறுத்துக்கிட்டு அண்ணன் மாதிரி வீட்டுக்குள்ளயே கெடக்குறதுக்கு, கண்டுபிடிக்காமலே போயிரலாம்" என்றார். சீக்கிரம் கண்டுபிடித்தால் அப்படி அறுக்க வேண்டியதில்லை, முதலாளியைப் பாருங்கள், கால் ஊன்றி நடக்கிறார் என்று சொன்னேன். "அது முதலாளி" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குச் சோறு போடும்போதெல்லாம் ஒரே வார்த்தையைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வராவிட்டால் இந்த வீட்டில் சாப்பிட வேண்டாம் என்றேன். இரண்டு வேளை வெளியே இருந்தார். மூன்றாம் வேளை வந்து, திண்ணென்று உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு, "சரி, ஒரே ஒரு தடவை" என்றார்.

13. ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது.

(அ) பெத்தணனைக் கை வைத்துச் சோதிக்கவும், பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனை எடுக்கவும் தாங்கள் எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். நெஞ்சுப் படம் வேண்டாம். ஏற்கெனவே எடுத்தது கையில் இருக்கிறது.

(ஆ) இனி எந்த முகாம் நடந்தாலும், யார் நடத்தினாலும், மண்டபத்தில் ஐம்பது வயது ஆணுக்கு என்ன சோதனையோ அதே சோதனை காலனியிலும் நடக்க வேண்டும். ஒரு திரையும் ஒரு பெட்டி கையுறையும் கொண்டுவரச் சொன்னால் போதும். திரை இல்லையென்றால் என் சேலையைத் தருகிறேன்.

(இ) டாக்டர் ஹரிபிரசாத் அவர்களைத் தண்டிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரைக் கூப்பிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்ற எங்கள் ஆண்களை ஏன் சோதிக்கவில்லை என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதிலை எனக்கும் தெரிவிக்க வேண்டும். நான் கேட்டால் பதில் சொல்ல மாட்டார்.

(ஈ) நிவாரணம் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பிரிவுக்கு இந்த மனுவை அனுப்ப வேண்டாம்.

14. சோதித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால், இத்தனை பேரை அலைக்கழித்ததற்காகத் தங்கள் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் பெத்தணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நடையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். காலம் தாழ்ந்துவிட்டதோ என்று எனக்குள்ளே ஒரு பயம் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை. தாழ்ந்துவிட்டது என்றாலும் அதை ஒரு டாக்டர் அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு சொல்லக் கூடாது.

15. பெத்தணன் இப்போது என்னோடுதான் வந்திருக்கிறார். குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, தங்கள் அலுவலக வாசலில் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். நீல நிறச் சட்டை, தலையில் துண்டு. உள்ளே வரச் சொன்னால் வர மாட்டார், ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டும். வழக்கம்போல மனுவை வாங்கிக்கொண்டு, விசாரித்துத் தெரிவிப்போம் என்று எங்களை அனுப்பிவிட வேண்டாம் என்று தங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். ஒரு டாக்டர் முன்னால் வேட்டியைத் தளர்த்த அவர் சம்மதித்திருப்பது பிறந்ததிலிருந்து இன்றைக்கு ஒரு நாள்தான். சாயங்காலம் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டால், மறுபடி அவரை இங்கே கொண்டுவர என்னிடம் வேறு மிரட்டல் இல்லை.

இடம்: விருதுநகர்
நாள்: 17.11.2008

இப்படிக்கு,
தங்கள் உத்தரவு கைக்கு வரும்வரை வாசலில் காத்திருக்கும்,
முருகம்மாள்
(கையெழுத்து)

இணைப்பு: என் கணவரின் மதுரை ஆஸ்பத்திரிச் சீட்டு நகல், பெத்தணனின் நெஞ்சுப் படம்.